இல்லாத மாட்யூலும் உடைந்த மாட்யூலும்: பைத்தானில் இம்போர்ட் பிழைகளைக் கையாள்வது

பைத்தானில் நாலு வரி எழுதிப் பார்த்த எவருக்கும் பழகிப்போன செய்தி, 'நோ மாட்யூல் நேம்ட்' (இந்தப் பெயரில் மாட்யூல், அதாவது இம்போர்ட் செய்து பயன்படுத்தும் நிரல் கோப்பு, இல்லை) என்று தொடங்கும் அந்த ஒற்றை வரி. அதைப் பார்த்ததும் கை தானாகச் செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று, செய்தியில் இருக்கும் பெயரை அப்படியே எடுத்து லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பின் இன்ஸ்டால் கட்டளைக்குக் கொடுப்பது. இன்னொன்று, இம்போர்ட் வரியைச் சுற்றி பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை–எக்செப்ட் போட்டு அதன் வாயை அடைப்பது. முதலாவது பல சமயம் பலிக்கும். இரண்டாவது எப்போதுமே பலித்துவிட்டது போலத் தோன்றும். வம்பே அங்கேதான்.

ஒரு இம்போர்ட் தோற்றது என்றால் அதற்குப் பின்னால் இரண்டு வேறு வேறு கதைகள் இருக்கலாம். கேட்ட மாட்யூல் இந்தக் கணினியில் இல்லை என்பது ஒரு கதை. மாட்யூல் இருக்கிறது, ஆனால் அதை ஏற்றும்போது உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவதுக்கு நிரலிலேயே மாற்று ஏற்பாடு வைக்கலாம். இரண்டாவது ஒரு பிழை. அது உடனே, உரக்க வெளியே தெரிந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே எக்செப்ட் வரியில் பிடித்து விழுங்குவதைவிட, எதையுமே பிடிக்காமல் நிரலை விழ விடுவது மேல் என்பது என் கட்சி.

இம்போர்ட் வரிக்குள் நடப்பது

பைத்தானில் இம்போர்ட்டும் மற்ற வரிகளைப் போல ஓடுகிற கட்டளைதான். நிரலை ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் அந்த வரிக்கு வந்ததும் முதலில் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற டிக்‌ஷனரியைப் பார்க்கிறது. இந்த ஓட்டத்தில் ஏற்கெனவே ஏற்றிய மாட்யூல்கள் எல்லாம் பெயர்வாரியாக அங்கே இருக்கும். பெயர் அங்கே கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது, கோப்பை மறுபடி தொடுவதே இல்லை. கிடைக்காவிட்டால் சிஸ்.மெட்டா_பாத் என்ற பட்டியலில் உள்ள ஃபைண்டர்களை வரிசையாகக் கேட்கிறது. இன்டர்ப்ரெட்டரோடு சேர்த்தே கட்டப்பட்ட மாட்யூலா என்று ஒரு ஃபைண்டர் பார்க்கும், அதற்குள்ளேயே பைட்கோடாகப் பொதிந்த ஃப்ரோஸன் மாட்யூலா என்று இன்னொன்று பார்க்கும், மூன்றாவது, சிஸ்.பாத்தில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்கும். எங்குமே இல்லையென்றால்தான் மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்.

கிடைத்துவிட்டால் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. பைத்தான் முதலில் ஒரு காலி மாட்யூலை உருவாக்கி அதை சிஸ்.மாட்யூல்ஸில் பதிந்துவிடுகிறது. அதன்பிறகே கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓட்டுகிறது. பதிவு முன்னால், ஓட்டம் பின்னால் என்ற இந்த வரிசை பின்னால் வரும் ஒரு சிக்கலுக்குத் திறவுகோல். ஓட்டத்தின் நடுவே பிழை எழுந்தால், பதிந்த பெயரை நீக்கிவிட்டுப் பிழையை அப்படியே மேலே அனுப்பும். ஆனால் அந்த மாட்யூல் விழுவதற்கு முன் தான் இம்போர்ட் செய்துவைத்த மற்ற மாட்யூல்கள் பதிவில் அப்படியே இருக்கும். பாதி ஏறிய நிலை முழுதாகத் துடைக்கப்படுவதில்லை.

இம்போர்ட் என்றால் ஒரு கோப்பை ஓட்டுவது என்று ஆகிவிட்டதால், அந்த ஒரு வரியிலிருந்து எந்தப் பிழையும் வரலாம். கோப்பின் தலையில் என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்றைப் படித்து அது இல்லாமல் போனால் கீ எரர் வரும். கமா விட்டுப்போயிருந்தால் சின்டாக்ஸ் எரர் வரும். யாரோ மாட்யூலின் மேல்மட்டத்திலேயே சிஸ்.எக்ஸிட் எழுதியிருந்தால் சிஸ்டம் எக்ஸிட் கிளம்பும். அதை 'எக்செப்ட் எக்ஸெப்ஷன்' கூடப் பிடிக்காது. இவை எதுவுமே இம்போர்ட் எரர் இல்லை.

இம்போர்ட் எரர் என்ற பெயரோடு வருபவை பெரும்பாலும் மூன்றுதான். கோப்பே கிடைக்கவில்லை. மாட்யூல் கிடைத்தது, ஆனால் அதிலிருந்து கேட்ட ஃபங்ஷனோ கிளாஸோ அதில் இல்லை. சி-யில் எழுதிய எக்ஸ்டென்ஷன் கோப்பு கிடைத்தது, ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தால் அதை ஏற்ற முடியவில்லை. 2016 டிசம்பரில் பைத்தான் 3.6 வரும்வரை மூன்றுக்கும் ஒரே வகைதான். 3.6 முதலாவதை மட்டும் பிரித்து மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர் என்று தனிப்பெயர் கொடுத்தது. பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அதை இம்போர்ட் எரரின் உட்பிரிவாகவே வைத்தார்கள். ஆகவே இம்போர்ட் எரரைப் பிடிக்கிற பழைய எக்செப்ட் வரிகள் இன்றும் எல்லாவற்றையும் வாரிக்கொள்கின்றன. அதற்கும் முன்பே, 2012-இல் 3.3 வந்தபோது, இம்போர்ட் எரருக்கு 'நேம்', 'பாத்' என்ற இரண்டு பண்புகள் கிடைத்தன. எந்த மாட்யூலைத் தேடும்போது தோற்றது என்பது 'நேம்' பண்பில் சுத்தமாக இருக்கிறது. இருந்தும் பிழைச்செய்தியின் எழுத்துகளுக்குள் பெயரைத் தேடும் நிரல்கள் குறைந்தபாடில்லை.

விழுங்கப்பட்ட ஒரு பிழை

அறிக்கை தயாரிக்கும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். முடிவை எக்ஸெல் கோப்பாகச் சேமிக்கும் வசதி அதில் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. அதற்கு ஓபன்பைஎக்ஸெல் லைப்ரரி வேண்டும். எழுதியவர் நல்ல எண்ணத்தோடு முதன்மைக் கோப்பில் ஒரு ட்ரை போட்டு, அதற்குள் தன் சொந்த மாட்யூலான எக்ஸ்போர்ட்டரை இம்போர்ட் செய்கிறார். ஓபன்பைஎக்ஸெல்லை எக்ஸ்போர்ட்டர் உள்ளே இம்போர்ட் செய்துகொள்ளும். இம்போர்ட் எரர் வந்தால் எக்ஸ்போர்ட்டரின் மதிப்பு நன் (None, பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்பதற்கான மதிப்பு). பயனர் 'எக்ஸெல்லாகச் சேமி' என்று கேட்கும்போது அது நன்னாக இருந்தால், 'இந்த வசதிக்கு ஓபன்பைஎக்ஸெல் நிறுவவும்' என்ற செய்தி வரும். முதல் நாள் அழகாக வேலை செய்கிறது.

பிறகொரு நாள் அதே குழுவில் ஒருவர் யூட்டில்ஸ் மாட்யூலைச் சுத்தம் செய்கிறார். 'ஃபார்மேட்_டேட்' என்ற ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைக்கிறார். எக்ஸ்போர்ட்டர் கோப்பின் மூன்றாவது வரி இன்னும் பழைய பெயரைத்தான் கேட்கிறது. ஓட்டும்போது 'கெனாட் இம்போர்ட் நேம்' என்ற பிழை எழுகிறது. அதுவும் இம்போர்ட் எரர்தான்! எக்செப்ட் பிடிக்கிறது, நன் ஆகிறது, நிரல் தொடர்கிறது. பயனருக்குப் போகும் செய்தி: ஓபன்பைஎக்ஸெல் நிறுவவும்.

அவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். லைப்ரரிகளைத் தனியே வைத்துக்கொள்ளும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றைப் புதிதாகக் கட்டுகிறார். பைத்தான் பதிப்பை மாற்றிப் பார்க்கிறார். அவர் தேடுகிற எந்த இடத்திலும் கோளாறு இல்லை. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எந்தப் பெயர் என்று மூன்றையும் சொல்லியிருக்கக்கூடிய பிழைத்தடமான ட்ரேஸ்பேக்கை எக்செப்ட் வரி குப்பையில் போட்டுவிட்டது. பைத்தான் 3.12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், 'இந்தப் பெயரையா சொல்ல வந்தீர்கள்' என்று கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரைக்கூட அந்தச் செய்தி எடுத்துக் கொடுத்திருக்கும்.

எக்செப்ட் வரியில் இம்போர்ட் எரருக்குப் பதில் மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர் என்று எழுதினால் இந்தக் குறிப்பிட்ட விபத்து தப்பும். முழுதாகத் தப்பாது. சுத்தம் செய்தவர் ஃபங்ஷனின் பெயரை விட்டுவிட்டு யூட்டில்ஸ் என்ற கோப்பின் பெயரையே மாற்றியிருந்தால்? அப்போது எக்ஸ்போர்ட்டருக்குள் எழுவதும் மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்தான். வகை ஒன்றே, காணாமல் போனது வேறு. இங்கேதான் நேம் பண்பு கைகொடுக்கிறது. பிடித்த பிழையின் நேம் 'ஓபன்பைஎக்ஸெல்' என்றால் மட்டும் மாற்று ஏற்பாட்டுக்குப் போ, வேறு எதுவாக இருந்தாலும் பிழையை மறுபடி எழுப்பு. கூடுதலாக இரண்டே வரி.

பெயரில் புள்ளி இருந்தால் சற்றுக் கவனம் தேவை. அ.ஆ.இ என்ற மாட்யூலைக் கேட்கும்போது அ-வே இல்லையென்றால் நேம் பண்பில் 'அ' மட்டும்தான் இருக்கும். அ இருந்து ஆ இல்லையென்றால் 'அ.ஆ' என்று இருக்கும். முழுப்பெயரோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

இதைவிடவும் எளிய ஒழுங்கு ஒன்று உண்டு: ட்ரைக்குள் வெளியார் லைப்ரரியை மட்டும் வையுங்கள், உங்கள் சொந்த மாட்யூலை வைக்காதீர்கள். உங்கள் மாட்யூல் இல்லாமல் போக நியாயமே இல்லை. இல்லையென்றால் அது பிழை.

பெரிய ஃப்ரேம்வொர்க்குகளும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. ஜாங்கோ, பதிவான ஒவ்வொரு ஆப்பிலும் அட்மின் போன்ற துணை மாட்யூல் இருந்தால் தானாக ஏற்றும். இல்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போகும். ஏற்றும்போது பிழை வந்தால், அந்தப் பெயரில் ஒரு துணை மாட்யூல் உண்மையிலேயே இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறது. இருந்தும் பிழை என்றால் உள்ளே உடைந்திருக்கிறது, அதை மேலே விடுகிறது. ஃப்ளாஸ்க்கின் கமாண்ட்லைன் கருவி வேறு வழியைப் பிடித்தது: ட்ரேஸ்பேக்கின் ஆழத்தைப் பார்க்கிறது. இம்போர்ட் செய்த இடத்தோடு நின்றால் மாட்யூல் கிடைக்கவில்லை. அதற்கும் கீழே போயிருந்தால் மாட்யூல் கிடைத்து, அதன் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. கொஞ்சம் குறுக்குவழி போலத் தெரிந்தாலும் கேள்வி சரியான கேள்வி.

இந்த விழுங்கும் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பைத்தான் 2 காலத்தில் சி-யில் எழுதிய வேகமான சிபிக்கிள் இருந்தால் அதை எடு, இல்லையேல் மெதுவான பிக்கிள் போதும் என்று எழுதுவது ஏற்கப்பட்ட பாணி. எக்ஸ்எம்எல்லுக்கு சி-எலிமென்ட்ட்ரீ, இல்லையேல் சாதாரண எலிமென்ட்ட்ரீ. அங்கே இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்யும் மாட்யூல்கள். எது ஏறினாலும் நிரலின் நடத்தை மாறாது. அந்தப் பாணிக்கு ஒரு நற்பலனும் கிடைத்தது: 2020-இல் 3.9 சி-எலிமென்ட்ட்ரீயை நீக்கியபோது இப்படி எழுதிய நிரல்கள் சலனமே இல்லாமல் ஓடின. சமமான மாற்று இருக்கும் இடத்துக்காகப் பிறந்த பாணியை, மாற்றே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனதுதான் கோளாறு.

இல்லை என்றால் எங்கே இல்லை?

உண்மையிலேயே மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்தான் என்று உறுதியானாலும், 'இல்லை' என்பதற்கு 'இந்த இன்டர்ப்ரெட்டர் தேடிய இடங்களில் இல்லை' என்றுதான் பொருள். ஒரே கணினியில் மூன்று நான்கு பைத்தான்கள் இருப்பது சாதாரணம். பிப் ஒன்றில் நிறுவும், நிரல் இன்னொன்றில் ஓடும். சிஸ்.எக்ஸிக்யூட்டபிளின் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். வெறும் பிப் என்று அழைக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்று அழைத்தால், நிறுவுவதும் ஓட்டுவதும் ஒரே இன்டர்ப்ரெட்டர் என்பது உறுதி. 2023-இல் வந்த டெபியன் 12 போன்ற லினக்ஸ்கள், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நிறுவ வந்தால் 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு' என்று சொல்லித் தடுத்துவிடுகின்றன. எரிச்சலாக இருந்தாலும், அது விர்ச்சுவல் என்விரான்மென்ட் பக்கம் தள்ளிவிடுகிற நல்ல தடை.

இம்போர்ட் செய்யும் பெயரும் நிறுவும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிஐஎல்லை இம்போர்ட் செய்ய நிறுவ வேண்டியது பில்லோ. சிவி2-க்கு ஓபன்சிவி-பைத்தான், யாமலுக்குப் பையாமல், எஸ்கேலேர்னுக்கு சைக்கிட்-லேர்ன். பிழைச்செய்திக்குத் தெரிவது இம்போர்ட் பெயர் மட்டுமே. அதை அப்படியே பிப்பிடம் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அல்லது யாரோ ஒருவர் அதே பெயரில் ஏற்றிவைத்த சம்பந்தமில்லாத பேக்கேஜ் வந்து சேரலாம். பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பொதுக் கிடங்கான பைபிஐ-இல் காலியாக இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் பதியலாம் என்பதால் இது பாதுகாப்புச் சங்கதியும்கூட. பிழையைப் பார்த்துத் தானாகவே பிப் இன்ஸ்டால் ஓட்டும் நிரலை எழுதும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை இருந்த மாட்யூல் இன்று இல்லாமலும் போகும். டிஸ்டியூட்டில்ஸ் 2023 அக்டோபரில் 3.12-ஓடு போயிற்று. அடுத்த ஆண்டு 3.13, சிஜிஐ, டெல்நெட்லிப் உட்பட 19 பழைய மாட்யூல்களை ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரத்தனமானது பெயர் மோதல். மின்னஞ்சல் அனுப்பிப் பார்க்க ஒருவர் ஒரு சோதனை நிரல் எழுதி அதற்கு ஈமெயில்.பிஒய் என்று பெயர் வைக்கிறார். உள்ளே ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஈமெயில்.மைம் வேண்டும் என்று கேட்கிறார். ஒரு ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டும்போது அது இருக்கும் ஃபோல்டர்தான் சிஸ்.பாத்தில் முதலிடம். எனவே பைத்தானுக்கு முதலில் அகப்படுவது அவருடைய கோப்பு. செய்தி இப்படி வரும்: ஈமெயில்.மைம் என்ற மாட்யூல் இல்லை. ஈமெயில் ஒரு பேக்கேஜ் அல்ல. இந்த இரண்டாவது பாதியைப் பலர் படிப்பதே இல்லை. ஆனால் துப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது: பேக்கேஜாக, அதாவது பல மாட்யூல்கள் கொண்ட ஃபோல்டராக, இருக்க வேண்டியது ஒற்றைக் கோப்பாகக் கிடைத்திருக்கிறது, அப்படியானால் கிடைத்தது வேறு ஏதோ. சந்தேகம் வந்தால் அந்த மாட்யூலை மட்டும் இம்போர்ட் செய்து அதன் டண்டர் ஃபைல் (__file__) பண்பை அச்சிட்டுப் பாருங்கள். எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

ரேண்டம்.பிஒய் என்று பெயர் வைத்தால் கதை இன்னும் கோணலாகும். ஸ்கிரிப்ட் தன்னையே மறுபடி இம்போர்ட் செய்துகொள்ளும், ரேண்டின்ட் இல்லை என்று ஆட்ரிப்யூட் எரர் வரும், 3.8 முதல் அதோடு 'பாதி துவக்கப்பட்ட மாட்யூல், பெரும்பாலும் சுழற்சி இம்போர்ட்டால்' என்ற பொருளில் ஒரு குறிப்பும் வரும். புதிதாகக் கற்பவருக்கு அந்தக் குறிப்பு தலையும் புரியாது, வாலும் புரியாது. 3.13-இல் இதைச் சரிசெய்திருக்கிறார்கள்: உங்கள் கோப்பின் முழுப்பாதையைச் சொல்லி, இது ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூலின் பெயரோடு மோதுகிறது, பெயரை மாற்றுங்கள் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. ஸ்கிரிப்டின் ஃபோல்டரை சிஸ்.பாத்தில் சேர்க்காதே என்று சொல்ல 3.11 முதல் '-பி' (பெரிய எழுத்து P) என்ற தேர்வும் உண்டு.

அசலான சுழற்சி இம்போர்ட் இதன் ஒன்றுவிட்ட உறவு. ஆர்டர்ஸ் மாட்யூல் கஸ்டமர்ஸை இம்போர்ட் செய்கிறது. கஸ்டமர்ஸ் ஓடத் தொடங்கி, ஆர்டர்ஸிலிருந்து ஆர்டர் என்ற கிளாஸைக் கேட்கிறது. ஆர்டர்ஸ் ஏற்கெனவே சிஸ்.மாட்யூல்ஸில் பதிவாகிவிட்டது, ஆகவே பைத்தான் அதை மறுபடி ஓட்டாது. ஆனால் அதன் ஓட்டம் இம்போர்ட் வரியோடு நிற்கிறது. கிளாஸை வரையறுக்கும் வரிகள் இன்னும் கீழே இருக்கின்றன. பதிவு முன்னால், ஓட்டம் பின்னால் என்றேனே, அதன் விளைவு இது. பதிவில் பெயர் இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை. வருவது இம்போர்ட் எரர் என்பதால் அகலமான எக்செப்ட் ஏதாவது வழியில் இருந்தால் இதையும் விழுங்கிவிடும். எந்தக் கோப்பு முதலில் ஏறியது என்பதைப் பொறுத்துப் பிழை வரவும் செய்யும், வராமலும் இருக்கும்; டெஸ்டில் ஓடி, சர்வரில் விழும். இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் இறக்குவது முதலுதவி. இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது மாட்யூலுக்கு நகர்த்துவதுதான் மருந்து.

பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்பை நேரடியாக ஓட்டினால் 'நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்' என்று புள்ளியில் தொடங்கும் ரிலேட்டிவ் இம்போர்ட் புகார் சொல்லும். அங்கே சிஸ்.பாத்தில் ஒட்டுப்போட வேண்டாம், '-எம்' சேர்த்து மாட்யூல் பெயரால் ஓட்டினால் போதும்.

கோப்பு இருக்கிறது, ஏறவில்லை

சி எக்ஸ்டென்ஷன்களின் பிழைகள் தனி ரகம். குறைத்துக் கட்டிய லினக்ஸ் கன்டெய்னரில் படங்களைக் கையாளும் ஓபன்சிவியை நிறுவி இம்போர்ட் செய்தால் 'லிப்ஜிஎல்.எஸ்ஓ.1-ஐத் திறக்க முடியவில்லை' என்ற இம்போர்ட் எரர் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பைத்தான் பக்கத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. திரையில் சன்னல் காட்டுவதற்கான சிஸ்டம் லைப்ரரிதான் இல்லை. சர்வரில் சன்னலுக்கு வேலையே கிடையாது என்பதால் ஹெட்லெஸ் என்ற தனிப் பதிப்பைப் போட்டால் தீர்ந்தது. விண்டோஸில் இதே சங்கதி 'டிஎல்எல் லோடு ஃபெயில்டு, குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை' என்று வரும். மாட்யூல் என்று அங்கே சொல்லப்படுவது பைத்தான் மாட்யூல் இல்லை. அந்த எக்ஸ்டென்ஷன் சார்ந்திருக்கும் ஏதோ ஒரு டிஎல்எல். எது என்று பெயரும் சொல்லாது. 3.8 முதல் விண்டோஸில், எக்ஸ்டென்ஷன்கள் சார்ந்திருக்கும் டிஎல்எல்களைத் தேடும்போது பாத் என்விரான்மென்ட் வேரியபிளைப் பைத்தான் பார்ப்பதில்லை, ஓஎஸ்.ஆட்_டிஎல்எல்_டைரக்டரி மூலம் ஃபோல்டரைச் சொல்ல வேண்டும். இந்த வகைப் பிழைகள் மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரராக வராமல் வெறும் இம்போர்ட் எரராக வருவதே ஒரு வசதி: குறுகலாகப் பிடிப்பவரின் கையில் இவை சிக்காது, வெளியே தெரியும்.

மற்ற மொழிகள் எப்படி?

ரூபியில் இம்போர்ட்டின் வேலையைச் செய்யும் ரிக்வயர் தோற்றால் வருவது லோடு எரர். அது ஸ்டாண்டர்ட் எரரின் கிளையில் இல்லை, ஸ்கிரிப்ட் எரரின் கிளையில் இருக்கிறது. வகை சொல்லாமல் எழுதும் வெறும் ரெஸ்க்யூ (அங்கே எக்செப்ட்டின் பெயர்) ஸ்டாண்டர்ட் எரரை மட்டுமே பிடிக்கும் என்பதால், பெயர் சொல்லிப் பிடித்தாலொழிய லோடு எரர் தப்பிப் போய்விடும். முதல்முறை சந்திப்பவருக்கு எரிச்சல்தான். எனக்கென்னவோ இது நல்ல முடிவாகவே படுகிறது; சோம்பேறித்தனமாக எழுதிய ரெஸ்க்யூவால், காணாமல் போன மாட்யூலை மறைக்க முடியாது.

லுவாவின் ரிக்வயர், தான் தேடிய ஒவ்வொரு பாதையையும் பிழைச்செய்தியிலேயே வரிவரியாகக் கொட்டும். அழகில்லை, ஆனால் இதைவிட உதவியான செய்தி அரிது. அந்த உதவியை, பிழையைப் பிடித்துத் தரும் பிகால் போட்டு வாங்கி, இரண்டாவதாக வரும் பிழைச்சரத்தைப் பார்க்காமலே எறிந்துவிடும் பழக்கம் அங்கேயும் பரவலாக உண்டு.

பெர்ல், கம்பைல் ஆகாமல் தோற்ற மாட்யூலை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது முறை ரிக்வயர் செய்தால் காரணத்தைச் சொல்லாமல் 'மறுபடி ஏற்றும் முயற்சி கைவிடப்பட்டது' என்று மட்டும் சொல்லும். முதல் பிழையை, அங்கே பிழை பிடிக்கும் ஈவால் கட்டளை விழுங்கியிருந்தால் உண்மையான காரணம் எங்கேயும் கிடைக்காது. 2017-இல் வந்த 5.26, பாதுகாப்புக்காக நடப்பு ஃபோல்டரைத் தேடும் பட்டியலிலிருந்து நீக்கியது. பல பழைய ஸ்கிரிப்டுகள் அன்று திடீரெனத் தங்கள் பக்கத்திலிருந்த மாட்யூலையே காணாமல் தவித்தன.

ஜாவாஸ்கிரிப்டில் ஈஎஸ் மாட்யூல்களின் மேல்மட்ட இம்போர்ட்டுகள் எல்லாம் உங்கள் கோப்பின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே தீர்க்கப்படுகின்றன. ஆகவே அவற்றை ட்ரை–கேட்சால் பிடிக்கவே முடியாது. டைனமிக் இம்போர்ட்தான் வழி. ஓடும்போது ஒருமுறை உடைந்த மாட்யூலை மறுபடி கேட்டால் அதே பழைய பிழைதான் திரும்ப வரும். பைத்தானில் பெயர் நீக்கப்பட்டுவிடுவதால் மறுமுயற்சி புதிதாக ஓடும். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில் பிழையின் வகையைச் செய்தியிலிருந்து ஊகிக்கத் தேவையில்லை, கோட் பண்பில் ரிக்வயருக்கு 'மாட்யூல்_நாட்_ஃபவுண்ட்' என்றும், இம்போர்ட்டுக்கு 'ஈஆர்ஆர்_மாட்யூல்_நாட்_ஃபவுண்ட்' என்றும் இருக்கும். ஆனால் எந்த மாட்யூல் என்ற அதே கேள்வி அங்கேயும் மிச்சம் இருக்கிறது.

எழுதும்போது

லைப்ரரி ஒரு வசதிக்கு மட்டும்தான் தேவை என்றால், அந்த வசதியின் ஃபங்ஷனுக்குள்ளேயே இம்போர்ட் செய்வது பெரும்பாலும் போதும். தரவு அலசும் லைப்ரரியான பாண்டாஸ் இப்படித்தான் செய்கிறது; எக்ஸெல் கோப்பைப் படிக்கச் சொல்லும்வரை ஓபன்பைஎக்ஸெல் இல்லாதது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கேட்கும்போது இல்லையென்றால், விருப்பச் சார்பு ஒன்று இல்லை, இந்தப் பெயரில் நிறுவுங்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. தொடக்கத்தில் 'இருக்கிறது, இல்லை' என்று ஒரு கொடியை ஏற்றி, நிரல் முழுக்க அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே எழுதுவதைவிட இது எவ்வளவோ சுத்தம்.

உங்கள் சொந்தச் செய்தியோடு புதிய பிழையை எழுப்புவதானால், 'ரெய்ஸ்' வரியில் 'ஃப்ரம்' சேர்த்துப் பழைய பிழையையும் காரணமாக இணைத்துவிடுங்கள். ட்ரேஸ்பேக்கில் இரண்டும் அடுத்தடுத்து வரும். 3.11 முதல் இன்னும் மென்மையான வழி ஒன்று உண்டு: பிடித்த பிழையில் ஆட்_நோட் மூலம் ஒரு வரிக் குறிப்பைச் சேர்த்து, அதே பிழையை மறுபடி எழுப்பலாம். மூலச்செய்தி கெடாது, உங்கள் யோசனை அதன் கீழே வரும்.

பைத்தான் பதிப்பைப் பொறுத்த மாற்று என்றால் பிழைக்காகக் காத்திருக்கவே வேண்டாம். டாம்லிப் 3.11-இல் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு வந்தது. அதற்கு முன் டாம்லி. சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவைப் பார்த்து எதை இம்போர்ட் செய்வது என்று முடிவு செய்தால் படிப்பவருக்கும் காரணம் தெரியும், டைப் செக்கருக்கும் புரியும். மாட்யூல் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் இம்போர்ட்லிப்.யூட்டில் தரும் ஃபைண்ட்_ஸ்பெக் இருக்கிறது. அது கோப்பை ஓட்டாது. ஆனால் புள்ளி வைத்த பெயரைக் கொடுத்தால் தாய்ப் பேக்கேஜை இம்போர்ட் செய்துவிடும், அங்கே பிழை வரலாம். அதோடு, இருக்கிறது என்பதற்கும் ஏறும் என்பதற்கும் நடுவில் லிப்ஜிஎல் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அகலமாகப் பிடிப்பது நியாயமான ஒரே இடம் ப்ளகின் (பிறகு சேர்க்கும் துணை நிரல்) ஏற்றும் நிரல். யாரோ எழுதிய ஒரு ப்ளகின் உடைந்ததற்காக மொத்த நிரலும் விழக் கூடாது. அங்கே 'எக்செப்ட் எக்ஸெப்ஷன்' எழுதலாம். சின்டாக்ஸ் எரரும் அதில் அடக்கம். ஆனால் முழு ட்ரேஸ்பேக்கையும் லாகில் எழுதி, எந்த ப்ளகின் ஏறவில்லை என்று பயனர் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும். ஓட்டத்தின் நடுவே புதிதாக ஒரு ப்ளகின் கோப்பை எழுதிவிட்டு உடனே இம்போர்ட் செய்தால், அது டிஸ்கில் இருந்தும் 'இல்லை' என்று வரக்கூடும். ஃபோல்டரின் உள்ளடக்கத்தை ஃபைண்டர் கேஷில் வைத்திருப்பதே காரணம். இம்போர்ட்லிப்பின் இன்வேலிடேட்_கேஷஸை ஒருமுறை அழைத்தால் சரியாகும்.

கடைசியாக, இந்த எக்செப்ட் கிளைகளை டெஸ்ட் செய்வது. எழுதியவரின் கணினியில் எல்லா லைப்ரரியும் இருக்கும் என்பதால் 'இல்லாதபோது' என்ற கிளை அங்கே ஓடுவதே இல்லை. லைப்ரரியை நீக்கிப் பார்க்கவும் தேவையில்லை. சிஸ்.மாட்யூல்ஸில் அந்தப் பெயருக்கு நேராக நன் என்று வைத்தால், அடுத்த இம்போர்ட் மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரரோடு நிற்கும். நேம் பண்பும் சரியாகவே இருக்கும். டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்டின் மங்கிபேட்ச் வழியாக வைத்தால், அது அந்த மதிப்பை டெஸ்ட் முடிந்ததும் பழையபடி மாற்றிவிடும். உங்கள் மாட்யூல் ஏற்கெனவே ஏறியிருந்தால் அது பழைய லைப்ரரியைக் கையில் வைத்திருக்கும், எனவே அதையும் பதிவிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். அதே டெஸ்டின் இரட்டையாக இன்னொன்றும் எழுதுங்கள்: இந்த முறை நன் வைக்க வேண்டியது யூட்டில்ஸுக்கு. முதல் டெஸ்டில் நிரல் 'ஓபன்பைஎக்ஸெல் நிறுவவும்' என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் பிழையோடு விழ வேண்டும். இரண்டிலும் ஒரே செய்தி வந்தால் எக்செப்ட் வரி இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது.